குடத்தில் இட்ட ஆறு பெயர்கள்



பல ஆண்டுகளுக்கு முன், நான் தலைமையாசிரியனாய் இருந்த பள்ளியிலிருந்து பேச்சுப் போட்டி ஒன்றுக்கு இருவரை அனுப்ப வேண்டியிருந்தது. திறமையில் ஒத்தவர்களாய் அறுவர் இருந்தனர். ஆதலின் அறுவர் பெயரையும் சீட்டுகளில் எழுதிக் குடத்தில் இட்டு, இரண்டு சீட்டுகளை எடுக்கச் செய்தேன். வந்த பெயர்கள் இரண்டும் உடன்பிறந்தார் இருவருடையவை! "இதில் ஏதோ சூது உண்டு" என்று பிறர் முணுமுணுத்தனர். பழிச்சொல்லுக்கு அஞ்சிய நான், மீண்டும் குலுக்கச் சொன்னேன். இம்முறை அவ்விருவரில் ஒருவர் பெயரும் வரவில்லை. அவர்கள் முகம் வாடிச் சென்ற காட்சி இன்றும் என் கண்முன் நிற்கிறது.

நான் செய்தது முறைதானா? கணக்கையே கேட்போம்.

முதற் சீட்டை எடுக்கும்போது குடத்தில் உள்ள பெயர்கள் 6. அவற்றுள் சகோதரர் பெயர்கள் 2. ஆகவே அவர்களுள் ஒருவர் வருவதன் நிகழ்தகவு ஆறில் இரண்டு. எடுத்த சீட்டு மீண்டும் குடத்துக்குள் போவதில்லை. எஞ்சிய 5 சீட்டுகளில் மற்றவர் பெயர் ஒன்றே. ஆகவே ஐந்தில் ஒன்று. இவ்விரண்டையும் பெருக்கினால் முப்பதில் இரண்டு, அதாவது பதினைந்தில் ஒன்று. இரண்டாம் முறையும் 6 சீட்டுகள் உள்ளனவாகக் கொள்வதே மாணவர் பலர் செய்யும் பிழை.

வேறு வழியாலும் சரிபார்க்கலாம். முதல்வன் மற்ற ஐவரோடு சேர 5 இணைகள். இரண்டாமவன் எஞ்சிய நால்வரோடு சேர 4. பின்னர் 3, 2, 1. மொத்தம் 15 இணைகள். சகோதரர் இருவரும் உள்ள இணை 1. ஒருவர் மட்டும் உள்ளவை 8. இருவருமே இல்லாதவை 6.

பதினைந்தில் ஒன்று என்பது சிறிய வாய்ப்புத்தான். ஆயினும் வேறு எந்த இருவரைக் குறிப்பிட்டாலும் அவர்களுக்கும் அதே வாய்ப்புத்தான். உறவை அறிந்த நாம் வியந்தோம். குடமோ உறவை அறியாது. அரிதாய் நிகழ்ந்தது என்பது மட்டுமே சூதுக்குச் சான்றாகிவிடாது.

உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. அங்கே முப்பது குடும்புகளிலிருந்தும் குடவோலை முறையால் குடும்புக்கு ஒருவரைத் தேர்ந்தனர். வயது, நிலம், கல்வி முதலிய தகுதிகளையும், யார் யார் பெயர் இடப்படலாகாது என்பதையும் முன்னரே வகுத்தனர். அதன் பின்னரே சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான்.

என் பிழை எதுவென்று இப்போது விளங்கும். ஒரே வீட்டார் இருவர் கூடாதெனில், அதைச் சீட்டு எழுதுமுன் சொல்லியிருக்க வேண்டும். முடிவைக் கண்டபின் விதியை மாற்றியதால், நேர்மையாய்க் கிடைத்த வாய்ப்பை அச்சிறுவர் இழந்தனர்.

இனி நீங்களே ஒரு கணக்குச் செய்து பாருங்கள். எழுவரில் மூவரைத் தேர்ந்தால், குறிப்பிட்ட இருவரும் அம்மூவருள் இடம்பெறுவதன் நிகழ்தகவு யாது? ஏழில் ஒன்று என வந்தால் உங்கள் விடை சரியே.