எந்தப் பாடசாலை நல்ல பாடசாலை?



க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வெளியானதும் எமது வீடுகளில் எழும் முதற் கேள்வி, "பிள்ளையை இனி எந்தப் பாடசாலையில் சேர்ப்பது?" என்பதாகும். ஊர்ப் பாடசாலை போதுமா, நகரத்துக் கல்லூரிக்கு அனுப்புவதா என்று உம்மா ஒன்று சொல்வார், வாப்பா வேறொன்று சொல்வார். பெரும்பாலும் பாடசாலையின் பெயரையும் கட்டடத்தையும் பார்த்தே முடிவு எடுக்கப்படுகிறது. பாடசாலைகளை ஒப்பிட்டுப் பார்க்க வேறு அளவுகோல்கள் உள்ளன.

அநுராதபுர மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஹொரவப்பொத்தானை, கஹட்டகஸ்திகிலிய, கெக்கிராவைப் பகுதிகளில் எமது கிராமங்கள் சிதறிக் கிடக்கின்றன. ஹொரவப்பொத்தானையிலிருந்து அநுராதபுர நகரம் சுமார் 50 கிலோமீற்றர். இத்தகைய ஊர்களில் பாடசாலையைத் தெரிவு செய்வது பிள்ளையின் எதிர்காலத்தையே தெரிவு செய்வதாகும்.

முதலில் வகையைப் பாருங்கள்

எமது நாட்டு அரசாங்கப் பாடசாலைகள் நான்கு வகைப்படும். 1ஏபி பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உண்டு. 1சீ பாடசாலையில் உயர்தரம் உண்டு. ஆனால் கலை, வர்த்தகம் மட்டுமே. வகை 2 பாடசாலை 11ஆம் ஆண்டுடன் நின்றுவிடும். வகை 3 ஆரம்ப வகுப்புகளுக்கு உரியது. வாயிலில் 'மகா வித்தியாலயம்' என்று எழுதியிருப்பதால் மட்டும் உள்ளே விஞ்ஞானப் பிரிவு இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

'தேசிய பாடசாலை' என்ற பெயரும் அவ்வாறே. அது கல்வி அமைச்சின் நேரடி நிர்வாகத்தில் உள்ளது, ஏனையவை மாகாண சபையின் கீழ் உள்ளன என்பதே அதன் பொருள். இரசாயனவியல் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார் என்பதற்கு அந்தப் பெயர் உத்தரவாதமாகாது.

சலுகை யாருக்குக் கிடைக்கிறது?

பலரும் கவனிக்காத விடயம் ஒன்றுண்டு. மருத்துவம், பொறியியல் போன்ற பாடநெறிகளுக்குப் பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் வழங்கப்படுகின்றன. மிகுதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு உரியது. அநுராதபுரம், புத்தளம், அம்பாறை, மொனறாகலை ஆகியன அவற்றுள் அடங்கும். ஆனால் கலைப் பாடநெறிக்கு அகில இலங்கைத் திறமை மட்டுமே கணக்கில் எடுக்கப்படும்.

இதன் பொருள் என்ன? பின்தங்கிய மாவட்டத்துப் பிள்ளைக்குத் தரப்பட்ட சலுகை, விஞ்ஞானம் போன்ற பிரிவுகளில் கற்பவருக்கே பயன்படுகிறது. அருகில் அந்தப் பிரிவு இல்லாததால் கலைப்பிரிவில் சேரும் பிள்ளை கொழும்புப் பிள்ளையுடன் சரிசமமாகப் போட்டியிட வேண்டியுள்ளது. கலைப்பிரிவு தாழ்ந்ததன்று. விருப்பத்துடன் அதைத் தெரிவு செய்பவர் சிறப்பாகவே மேலே வருவார். பஸ் வசதியைப் பார்த்து அதைத் தெரிவு செய்வதே கவலைக்குரியது. பெண்பிள்ளைகள் விடயத்தில் இது அடிக்கடி நடக்கிறது.

எண்ணிக்கையைச் சரியாகப் படியுங்கள்

பெறுபேறு வந்ததும் பாடசாலைகள் பதாகை கட்டுகின்றன. எடுத்துக்காட்டாக, ஒரு கல்லூரியில் 20 பேர் மூன்று பாடங்களிலும் சித்தி; மற்றொன்றில் 12 பேர். முதலாவதே சிறந்தது என்று தோன்றும். முதலாவதில் தோற்றியவர் 80 பேர், இரண்டாவதில் 24 பேர் என்றால்? முதலாவதில் நான்கில் ஒருவர், இரண்டாவதில் இருவரில் ஒருவர். சாதாரண தரத்தில் உயர்ந்த பெறுபேறு பெற்றவர்களை மட்டும் சேர்க்கும் கல்லூரியையும், வந்தவர் எல்லோரையும் சேர்க்கும் பாடசாலையையும் ஒரே தராசில் நிறுப்பதும் நியாயமாகாது.

அதிபரிடம் கேளுங்கள்

ஒப்பிட விரும்பும் ஒவ்வொரு பாடசாலைக்கும் நேரில் செல்லுங்கள். பௌதிகவியலுக்கும் இணைந்த கணிதத்துக்கும் தமிழ்மொழி மூல ஆசிரியர் நிரந்தரமாக உள்ளாரா? கடந்த ஆண்டில் எத்தனை மாதம் அவ்விடம் வெற்றிடமாக இருந்தது? ஆய்வுகூடம் திறந்து பாவிக்கப்படுகிறதா? 2013 முதல் உயர்தரத்தில் வந்த தொழினுட்பப் பிரிவு உண்டா? உயர்தரத்தில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பரீட்சை வரை நிலைத்தனர்? பெண்பிள்ளைக்குப் பாதுகாப்பான விடுதியோ பஸ்ஸோ உண்டா? நல்ல அதிபர் இக்கேள்விகளை வரவேற்பார். மாவட்டம் விட்டு மாவட்டம் மாற எண்ணுவோர், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலை முதலில் வாசிக்க வேண்டும். இடமாற்றம் மாவட்ட ஒதுக்கீட்டைப் பாதிக்கலாம்.

ஊர்ப் பாடசாலையையும் கைவிடாதீர்கள்

வசதியுள்ளோர் எல்லோரும் பிள்ளைகளை நகரத்துக்கு அனுப்பிவிட்டால், எஞ்சியிருக்கும் ஏழைப் பிள்ளைகளுக்காகக் குரல் கொடுக்க எவர் இருப்பார்? 1940களில் கன்னங்கரா கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகளை நிறுவியது, ஏழைப் பிள்ளையும் ஊருக்கருகில் உயர்ந்த கல்வி பெற வேண்டும் என்பதற்காகவே. ஒவ்வோர் ஊரிலும் விஞ்ஞானப் பிரிவு என்பது இயலாது. அயலிலுள்ள நான்கைந்து ஊர்களின் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் ஒன்றுகூடி, ஒரு பாடசாலையையேனும் முழுமையான 1ஏபி பாடசாலையாக்க வலயக் கல்வி அலுவலகத்திடம் கேட்பது இயலும். எந்த ஊருக்கு அது கிடைப்பது என்ற போட்டியே இதுவரை தடையாக இருந்து வருகிறது. அந்தப் போட்டியை விட்டால் பயன் அடைவோர் எமது பிள்ளைகளே.