பர்மா: பிரிட்டிஷார் போடாம விட்ட ஒரு சட்டம்

"பிரிட்டிஷ் வரலாற்றிலேயே மோசமான தப்பு எது?"ன்னு கேட்டா நம்ம ஊர்ல வர்ற பதில்கள் தெரிஞ்சதுதான்: ஜாலியன்வாலாபாக், வங்கப் பஞ்சம், பிரிவினை. லண்டன்ல கேட்டா 1942 சிங்கப்பூர் வீழ்ச்சி, 1956 சூயஸ்னு சொல்வாங்க. என் ஓட்டு வேற. பர்மாவுல அவங்க போட வேண்டிய நேரத்துல போடாம விட்ட ஒரு நிலச் சட்டம்.

அதுக்கும் செட்டிநாட்டுக்கும் என்ன சம்பந்தம்? நேமத்தான்பட்டி மாதிரி ஒரு ஊர்த் தெருவுல நடந்து பாருங்க. அந்தக் காலத்துப் பெரிய வீடுகள்ல நிக்கிற தேக்குத் தூண்கள்ல பெரும்பாலானது பர்மா தேக்கு. அதை வாங்கின பணம் பர்மா நெல்லுல இருந்து வந்தது.

1852-ல கீழ் பர்மா பிரிட்டிஷார் கைக்கு வந்துச்சு. 1869-ல சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவுல கிராக்கி. ஐராவதி டெல்டாவுல காட்டை வெட்டி வயலாக்கணும்னா முதல்ல கடன் வேணும். வெள்ளைக்கார பாங்குகள் விவசாயிக்கு நேரா கடன் கொடுக்கல, நகரத்தார்தான் கொடுத்தாங்க. அவங்க சொந்த முதலோட அந்த பாங்குகள்ல கடன் வாங்கியும் கொடுத்தாங்க. பெட்டியடிப் பையனா போறது, அடுத்தாளாகி, மேலாளாகித் திரும்புறது. இதுக்குப் பேரே "கொண்டுவிக்கப் போறது". 1930 வாக்குல பர்மாவுல அவங்க முதல் ஏறத்தாழ 75 கோடி ரூபாய்.

கடனுக்கு அடமானம் நிலம். விலை நல்லா இருந்தவரைக்கும் யாருக்கும் பிரச்சினை இல்ல. 1930-ல உலகப் பெருமந்தம் வந்து நெல் விலை விழுந்துச்சு. வட்டி கட்ட முடியல, நிலம் கைமாறுச்சு. முக்கியமான 13 நெல் மாவட்டங்கள்ல செட்டியார்கள்கிட்ட இருந்த நிலம் 1930-ல 6 சதவீதம். 1937-38 வாக்குல 25 சதவீதம்! இத்தனைக்கும் அவங்க கேட்டது காசு, நிலம் இல்ல. நிலத்தை வச்சு ரங்கூன் மொகல் தெருவுல என்ன செய்ய?

இப்படி ஆகும்னு அரசாங்கத்துக்குத் தெரியாதா? நல்லாவே தெரியும். பஞ்சாப்ல இதே கதை நடந்தப்போ 1900-லேயே சட்டம் போட்டு, உழவன் நிலம் வட்டிக்காரர் கைக்குப் போகாம தடுத்தாங்க. பஞ்சாப்ல இருந்துதான் பட்டாளத்துக்கு ஆள் வந்தது, அந்தப் பயம். பர்மாவுல இருந்து வந்தது அரிசி. கடன் நின்னா ஏற்றுமதி நிக்கும். அதனால அதே மாதிரி மசோதா பேச்சுக்கு வந்தும் கிடப்புல போச்சு. கடைசியில 1941-ல சட்டம் வந்துச்சு. அதே டிசம்பர்ல ரங்கூன்மேல ஜப்பான் குண்டு விழுந்துச்சு.

"அப்போ செட்டியார்கள்மேல தப்பே இல்லையா?"ன்னு கேப்பீங்க. இருக்கு. வட்டி வட்டிதான். நிலத்தை இழந்த பர்மிய விவசாயி கோபப்பட்டதுல நியாயம் இருக்கு. ஆனா ஆட்டத்தோட விதியை எழுதினவன் யாரு? கோபம் விதி எழுதினவன்மேல போகல, கண்ணுக்குத் தெரிஞ்ச இந்தியன்மேல திரும்புச்சு. அதுல அடி வாங்கினதுல பெரும்பாலானவங்க வட்டிக்கடைக்காரங்களே இல்ல, துறைமுகத்துல மூட்டை தூக்கினவங்க.

1942 மார்ச் 8-ல ரங்கூன் விழுந்துச்சு. அதுக்கு முன்னாடி, குண்டுக்குப் பயந்து கிளம்பின கூலிகளை, துறைமுகத்துல வேலை நிக்கக்கூடாதுன்னு அதிகாரிங்க திரும்பக் கூட்டிட்டு வந்தாங்க. அப்புறம் கப்பலும் விமானமும் முதல்ல யாருக்குக் கிடைச்சிருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. ஏறக்குறைய 5 லட்சம் பேர் இந்தியாவுக்கு வந்தாங்க; பெரும்பாலானவங்க கால்நடையாத்தான். மலைப்பாதையில காலராவிலயும் பசியிலயும் செத்தவங்க பல்லாயிரம். பர்மா அரிசி நின்னது, அடுத்த வருஷம் வங்கப் பஞ்சத்துக்கான காரணங்கள்ல ஒண்ணு. நாம முதல்ல சொன்ன பட்டியல்ல இருந்த அதே பஞ்சம்!

சுதந்திர பர்மா 1948-ல நிலத்தை தேசியமயமாக்கும் சட்டம் கொண்டுவந்துச்சு. 1963-ல பாங்குகளும் போச்சு.