வளைந்த தகரமும் கினிகத்தேனை மழையும்

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான காலத்தில் மட்டும் கினிகத்தேனையில் சராசரியாக 3267 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இது வளிமண்டலவியல் திணைக்களத்தின் கணக்கு. பக்கத்து வட்டவளைக்கு 3252. நாட்டின் வறண்ட மூலைகளிலோ வருடம் முழுக்கப் பெய்தாலும் 900 மில்லிமீட்டரை எட்டாது. பழைய கார் ஒன்றின் தகரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்ய இதைவிடப் பொல்லாத ஊர் இலங்கையில் கிடைப்பது கஷ்டம்.

ஆனாலும் மலையகத்துக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் உள்ள உறவு பழையது. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டையில் மலையேற்றக் கார்ப் போட்டி 1934இலேயே தொடங்கிவிட்டது. இன்றைக்கு அந்த ஆசைக்குப் பின்னால் காசுக் கணக்கும் இருக்கிறது. 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதியைத் தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். இடையில் கொட்டகையில் கோழி அடைந்துகொண்டிருந்த கார்கூடச் சொத்தாகிவிட்டது.

அப்படி ஒன்றாக, முன்மூலையில் அடிபட்ட ஒஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட்டையோ அதன் உடன்பிறப்பான எம்.ஜி. மிட்ஜெட்டையோ வைத்துக்கொள்வோம். ஸ்ப்ரைட் 1958இல் வந்தது, மிட்ஜெட் 1961இல். இரண்டுமே இரண்டு பேர் மட்டும் உட்காரும், கூரையில்லாத குட்டிக் கார்கள். கையில் காசு குறைவென்றால் முதலில் எதற்குச் செலவு செய்வது? பெயின்டுக்கு என்று சொல்கிற பாஸிடம் காரைக் கொடுக்காதீர்கள்.

மோதலின்போது என்ன நடந்தது என்று பார்ப்போம். ஓட்டுநரோடு சேர்த்து 700 கிலோ வரும் கார் மணிக்கு 40 கிலோமீட்டரில் போனால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 43 கிலோ ஜூல். ஆறு மீட்டர் உயரத்திலிருந்து காரைக் கீழே போட்டதற்குச் சமம். வேகம் 60 ஆனால் அந்த உயரம் 14 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்கு கூடினால் ஆற்றல் இரண்டேகால் மடங்கு கூடும். இந்த ஆற்றல் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? நசுங்குவதற்கென்றே முன்பகுதியை வடிவமைக்கும் யோசனைக்கு பேலா பரேனி என்ற பொறியியலாளர் மெர்சிடிஸ் நிறுவனத்துக்காக 1951இலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார். சின்ன பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு அந்த யோசனை வந்து சேரவில்லை. அடி முகப்போடு நிற்காமல், எஞ்சினைத் தாங்கும் இரண்டு பெட்டிச் சட்டங்கள் வழியாகக் காருக்குள் ஓடிவிடும்.

சாதாரண மென்னுருக்கு ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வரை இழுபட்டாலும் விட்டதும் பழைய நிலைக்கு வந்துவிடும். அந்த எல்லையைத் தாண்டினால் திரும்பாது. உலோகத்தின் படிகங்களுக்குள் குறைபாட்டுக் கோடுகள் நகர்ந்து, ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். அதனால் மடிந்த இடம் முன்னைவிடக் கடினமாகிறது. செயின் போட்டு இழுத்து நிமிர்த்தும்போது மடிந்த இடம் அசையாமல், பக்கத்தில் நல்லாக இருந்த தகரம் வளைந்துகொடுப்பது இதனால்தான். கேஸ் விளக்கால் மங்கிய சிவப்பு நிறம் வரும்வரை சூடாக்கினால் படிகங்கள் புதிதாக உருவாகி உலோகம் இளகும். பிறகு சுத்தியலுக்கு இணங்கும். இன்றைய கார்களின் உயர்வலிமை உருக்கில் இதைச் செய்தால் வலிமையே போய்விடும். அந்த வகையில் பழைய கார் ஏழைக்கு இரங்கும் கார்தான்.

அதே சூட்டை வேறு விதமாகவும் பயன்படுத்தலாம். அடிபட்ட கதவுத் தகரம் சில சமயம் இழுபட்டுப் பரப்பு கூடிப்போயிருக்கும். விரலால் அழுத்தினால் ‘டப்’ என்று உள்ளே போகும், விட்டால் ‘டப்’ என்று வெளியே வரும். அதன் நடுவில் சிறு பொட்டளவு இடத்தைச் சிவக்கச் சூடாக்குவார்கள். அந்தப் பொட்டு விரியப் பார்க்கும். சுற்றிலும் குளிர்ந்த தகரம் விடாது. வேறு வழியில்லாமல் அது தடிக்கும். ஈரத்துணியை ஒற்றியதும் சுருங்கிச் சுற்றுத் தகரத்தையும் இழுத்துக்கொள்ளும். கைதேர்ந்த டிங்கரிங் பாஸ் ஒருவர் நான்கைந்து பொட்டுகளில் அந்த ‘டப்’பை நிறுத்திவிடுவார். பள்ளிக்கூடத்தில் வெப்ப விரிவு படித்த எவரும் அதை ஒருமுறை நின்று பார்க்கலாம்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் அளக்க வேண்டும். அதற்குத் தூக்குக்குண்டு, சோக்கட்டி, அளவுநாடா போதும். காரைச் சமமான சீமெந்துத் தரையில் தாங்கிகள்மேல் நிறுத்தி, முன் சஸ்பென்ஷன் பொருத்தும் புள்ளிகளிலிருந்தும் பின் வில் பொருத்தும் புள்ளிகளிலிருந்தும் குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் குறி போடுங்கள். காரைத் தள்ளிவிட்டு, மூலைக்கு மூலை குறுக்காக அளந்து பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் அடி பெரும்பாலும் மேல்தோலோடு நின்றிருக்கும். கணிசமாக வித்தியாசப்பட்டால் சட்டம் கோணியிருக்கிறது. அப்படிப்பட்ட காரை இழுத்து நிமிர்த்தச் செலவாகும் தொகை தெரியாமல் வேறு எதையும் வாங்க வேண்டாம். ஸ்டியரிங் ரக் முன்பக்கத்தில்தான் இருக்கிறது, அதையும் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது துரு. மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைக் காரின் மேல் ஓடவிட்டால், பிடி தளரும் இடத்தில் துருவை மறைக்கப் பூசிய பட்டி தடிப்பாக இருக்கிறதென்று அர்த்தம். கூரையில்லாத காரில் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டம்தான் முதுகெலும்பு. துருப்பிடித்ததென்று அதை அவசரப்பட்டு வெட்டினால் கார் நடுவில் தொய்ந்துவிடும், பிறகு கதவு சாத்தாது. முதலில் கதவு வாசலுக்குள் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து ஒட்டிவிட்டுத்தான் வெட்ட வேண்டும். சேஸிஸ் இலக்கம் உள்ள பகுதியில் கைவைக்கவே கூடாது. கினிகத்தேனை ஈரத்தில், காலையில் சுரண்டிப் பளபளப்பாக்கிய தகரம் மறுநாள் செம்மஞ்சளாகத் தெரியும். சுரண்டிய அன்றே பிரைமர் அடித்துவிட வேண்டும்.

பாகங்களுக்கு எங்கே போவது? இங்கேதான் இலங்கைக்காரருக்கு யோகம். ஆரம்ப ஸ்ப்ரைட் எல்லாமே புதிதாகச் செய்யப்பட்ட கார் அல்ல. அதன் 948 சீசீ எஞ்சினின் வகை மொரிஸ் மைனர் 1000க்கும் பொது. ஸ்டியரிங் ரக் மைனரிலிருந்து வந்தது. முன் சஸ்பென்ஷன் ஒஸ்டின் ஏ35இலிருந்து. நம் வீதிகளில் மைனர் இன்னும் ஓடுகிறது, பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடினால் சாமான் அகப்படும். 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வேர், மைனரின் உடல் பாகங்களை இலங்கையில் செய்விக்கும் முயற்சியில் கூட்டுச் சேர்ந்தார். ஒரு காலத்தில் கப்பலில் வந்திறங்கிய காருக்கு இங்கே தகரம் அடித்துத் திருப்பி அனுப்பினார்கள்!

மிச்சமிருக்கும் காசு பிரேக்குக்குப் போகட்டும். ஆரம்ப ஸ்ப்ரைட்டின் முன்சக்கரங்களில் டிரம் பிரேக், நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று. 1962இல் 1098 சீசீ எஞ்சினோடுதான் டிஸ்க் வந்தது. பிரேக் எண்ணெய் நாளாக நாளாகக் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 வகை எண்ணெய்க்குப் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் கொதிநிலை இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலைக்கு நியமம் கேட்பதே 140தான். கினிகத்தேனையிலிருந்து கித்துல்கலைக்கு இறங்கும் வளைவுகளில் பிரேக்கை மிதித்தபடியே போனால் சூடு அந்த எல்லையை நெருங்கலாம். எண்ணெய் கொதித்துக் குழாயில் ஆவி நிரம்பினால் பெடல் தரைவரை போய்விடும், கார் நிற்காது. புதுப் போத்தல் ஒன்றின் விலை ஒரு டின் பெயின்டின் விலைக்கு அருகில்கூட வராது.