கருமணலுக்குள் ஒரு கிருமிக்கொல்லி

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அலை வடிந்ததும் பாருங்கள். வெளிர் மணலின்மேல் பட்டை பட்டையாகக் கருமணல் படிந்திருக்கும். அதில் பெரும்பங்கு இல்மனைட், அதாவது இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த தாது. திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிய கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கதிரியக்கத் தாது இருப்பதை 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கண்டார். இங்கே மணல் ஆலை வந்தது அப்படித்தான். 1965 முதல் மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் அதை நடத்துகிறது.

இல்மனைட்டிலிருந்து எடுக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைத் தூள் பெரும்பாலும் பெயிண்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் போகிறது. அதே தூள்மேல் வெயில் பட்டால் தண்ணீரிலுள்ள பாக்டீரியா சாகும், மருந்துக்கு மசியாத வகை உட்பட.

ஒளி பட்ட டைட்டானியம் டை ஆக்சைடு தண்ணீரைப் பிளக்கும் என்று 1972-ல் ஜப்பானின் புஜிஷிமாவும் ஹோண்டாவும் காட்டினார்கள். அது கிருமியைக் கொல்லும் என்பதை 1985-ல் மட்சுனாகா குழு கண்டது. ஆன்டிபயாடிக் மருந்து பாக்டீரியாவின் ஏதாவது ஓர் உறுப்பையோ வேலையையோ குறிவைக்கும். பாக்டீரியா அந்த இடத்தை மாற்றிக்கொள்ளும், அல்லது மருந்தையே சிதைக்கும் நொதியைச் சுரக்கும். ஒளி விழுந்த தூளின் பரப்பில் பிறக்கும் ஹைட்ராக்சில் ராடிகலோ உறை, புரதம், டி.என்.ஏ. என எதிர்ப்படும் எல்லாவற்றையும் அரிக்கும். அதற்கு எதிராகப் பாக்டீரியா ஓரிடத்தை மட்டும் மாற்றித் தப்ப வழியில்லை.

இதன் அவசரம் தண்ணீரிலேயே தெரிகிறது. கடைசிக்கட்ட மருந்துகளையும் முறிக்கும் என்.டி.எம்.-1 மரபணு பரவியிருப்பதை 2010-ல் வெளியிட்ட ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. மறு ஆண்டே வெளியான இன்னோர் ஆய்வில், டெல்லியில் எடுத்த 50 குழாய் நீர் மாதிரிகளில் 2-லும், தெருவில் தேங்கிய 171 நீர் மாதிரிகளில் 51-லும் அந்த மரபணு கிடைத்தது.

இங்கே ஒரு சிக்கல். பாக்டீரியா செத்த பிறகும் அதன் மரபணுத் துண்டு நீரில் மிதக்கும். உயிரோடிருக்கும் வேறொன்று அதை எடுத்துக்கொள்ளலாம். துண்டையும் சிதைக்க இன்னும் அதிக நேரம் ஒளி வேண்டும். ஆகவே ‘கிருமி இல்லை’ என்ற சோதனை முடிவை மட்டும் நம்பி நிறைவடையக் கூடாது.

குறைகளும் உண்டு. தூளுக்கு வேண்டியது புற ஊதாக் கதிர். வெயிலில் அது நூற்றுக்கு ஐந்து பங்குதான். நைட்ரஜன் சேர்த்துச் சாதாரண ஒளிக்கும் பழக்கும் முயற்சிகள் நடக்கின்றன. கலங்கிய நீரில் ஒளி இறங்காது. இரண்டு பருவமழையும் பெய்யும் நாஞ்சில் நாட்டில் நீர் கலங்கும் மாதங்களும் வானம் மூடும் மாதங்களும் ஒன்றே. கலந்த தூளைத் திரும்ப வடித்தெடுப்பது சிரமம் என்பதால் கண்ணாடியிலோ பீங்கானிலோ பூசுகிறார்கள். இன்னொன்று, ஒளி நின்றதும் பாதுகாப்பும் நின்றுவிடும். குளோரின் குழாய் நெடுகக் கூடவே வரும். எனவே குடிநீர்த் திட்டங்களில் குளோரினைக் கைவிட முடியாது. வீட்டிலும் இதை வாங்கி வைக்க வேண்டியதில்லை. நன்றாகக் கொதிக்க வைத்தால் மருந்துக்கு மசியாத பாக்டீரியாவும் சாகும்.

இதை வைக்க வேண்டிய இடம் ஆஸ்பத்திரிக் கழிவுநீர்த் தொட்டி என்பேன். மருந்தின் மிச்சமும் மருந்தை வென்ற கிருமியும் ஒன்றாக வெளியேறும் இடம் அது. வழக்கமான சுத்திகரிப்பு முடிந்து தெளிந்த நீரில் இதைக் கடைசிப் படியாக வைக்கலாம். மழைக்காலத்துக்குப் புற ஊதா எல்.இ.டி. விளக்கு போதும். ராடிகல்கள் மருந்து மூலக்கூறையும் உடைக்கும் என்பது கூடுதல் லாபம். நாகர்கோவிலின் கழிவு கலக்கும் பழையாறு மணக்குடிக் காயலில் போய்ச் சேர்கிறது. அந்தத் தண்ணீரில் என்.டி.எம்.-1 போன்ற மரபணுக்கள் இருக்கின்றனவா என்று அவ்வப்போது பார்த்து, முடிவை ஊருக்குச் சொல்ல வேண்டும்.

இதைக் காட்டி யாரும் கிள்ளியூர்ப் பக்கம் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்கு நியாயம் தேடக் கூடாது. மோனசைட்டின் கதிர்வீச்சையும் கடலரிப்பையும் நினைத்துக் கடலோர மக்கள் அஞ்சுவதில் காரணம் இருக்கிறது. கண்ணாடிக் குழாயில் மெல்லிய பூச்சாகப் பூசும் தூள், பெயிண்டுக்குப் போகும் அளவோடு பார்த்தால் மிகச் சொற்பம். ஏற்கெனவே எடுக்கும் மணலே அதற்குப் போதும்.