தேடல் பெட்டி எதைப் படிக்கிறது?

மதுரைப் பக்கத்து மாணவி ஒருத்தி பழைய நீர்ப்பாசன முறைகளைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஊரில் அவள் பார்த்து வளர்ந்தது கண்மாய். பொது நூலகத்தின் இணையப் பட்டியலைத் திறந்து ‘கண்மாய்’ என்று தட்டுகிறாள். எதுவும் வரவில்லை. நூலகத்தில் புத்தகமே இல்லைபோலும் என்று மூடிவிடுகிறாள். அதே நூலகத்தில் ஏரிப் பாசனம் பற்றி ஒரு நூலும், குளங்களைப் பற்றி ஓர் ஆய்வேடும் இருக்கலாம். இரண்டிலும் கண்மாய் என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வரலாம். ஆனாலும் அவை அவள் தேடலில் சிக்குவதில்லை.

இணையத் தேடுபொறிகள் நமக்கு ஒரு பழக்கத்தை உண்டாக்கிவிட்டன. எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் அந்தச் சொல் வரும் பக்கங்களை அவை அள்ளிக்கொண்டு வருகின்றன. பக்கத்திலுள்ள அத்தனை சொற்களையும் அவை முன்கூட்டியே படித்து வைத்திருப்பதால்தான் அது முடிகிறது. நூலகப் பட்டியலின் தேடல் பெட்டி எந்தப் புத்தகத்தையும் படித்ததில்லை. நானூறு பக்க நூலுக்கு நூலகர் எழுதி வைத்த பத்துப் பதினைந்து வரிப் பதிவை மட்டுமே அது அறியும். பதிவில் இல்லாத சொல் அதைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை. ‘ஓபேக்’ என்று நூலக ஊழியர்கள் அழைக்கும் இணையப் பட்டியலைப் பயன்படுத்த விரும்புகிறவர்கள் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது இதைத்தான்.

அந்தப் பதிவுக்கு ஓர் உலகப் பொது அச்சு உண்டு. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் சேர்ந்த கணினி நிரலாளர் ஹென்ரியட் ஆவ்ரம் 1960களில் அதை வடிவமைத்தார். அவர் நூலகவியல் படித்தவர் அல்லர். பட்டியல் அட்டையில் நூலகர்கள் எழுதுவதை எந்திரம் படிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு தகவலுக்கும் ஓர் எண் வேண்டும் என்று கண்டு, ‘மார்க்’ என்ற முறையை உருவாக்கினார். 100 என்றால் ஆசிரியர், 245 என்றால் தலைப்பு, 650 என்றால் நூலின் பொருள். இன்று சென்னையிலோ சிங்கப்பூரிலோ நீங்கள் பட்டியலில் ‘ஆசிரியர்’ என்பதைத் தேர்ந்து தேடும்போது, எந்திரம் இத்தகைய எண்ணிட்ட அறைகளில்தான் துழாவுகிறது.

துழாவுகிறது என்றாலும், லட்சக்கணக்கான பதிவுகளை அது ஒவ்வொன்றாகப் புரட்டுவதில்லை. சங்க நூல்களுக்கும் திருக்குறளுக்கும் நம் அறிஞர்கள் தொகுத்த சொல்லடைவுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த உத்தி புதிதாக இராது. எந்தச் சொல் எந்தெந்த இடத்தில் வருகிறது என்று அகர வரிசையில் முன்பே எழுதி வைத்துவிட்டால், கேட்ட நொடியில் இடத்தைச் சொல்லிவிடலாம். கணினியும் ஒவ்வொரு சொல்லுக்கும் நேரே பதிவு எண்களை எழுதி வைத்திருக்கிறது. இரண்டு சொற்களைக் கொடுத்தால், இரண்டு வரிசையிலும் பொதுவாக இருக்கும் எண்களை எடுத்துத் தருகிறது.

இதில் தமிழுக்கென்று தனிச் சிக்கல்கள் பல இருக்கின்றன. அவற்றைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவில்லை என்பது என் கருத்து.

முதலாவது, நம் இலக்கணம். ‘தமிழ்ச் சிறுகதை’ என்று ஒற்றுப் போட்டு எழுதியிருக்கும் தலைப்பில், எந்திரத்தின் கண்ணுக்கு முதல் சொல் ‘தமிழ்ச்’. ‘தமிழ்’ என்று தேடுகிறவருக்கு அது வேறு சொல். ‘மரம்’ என்று தேடினால் ‘மரங்கள்’ கிடைக்காது, ‘மரத்தின்’ கிடைக்காது. இதைச் சமாளிக்கப் பல பட்டியல்களில் சொல்லின் முன்பகுதியை மட்டும் கொடுத்து இறுதியில் நட்சத்திரக் குறியிடும் வசதி உண்டு. ‘மர’ என்று கொடுத்துக் குறியிட்டால் மரங்கள் வரும். கூடவே மரபு வரும், மரணம் வரும். மருத்துவமும் மரியாதையும்கூட வரும். ‘ரு’ என்பது நமக்கு ஓர் எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் அது ‘ர’ என்ற எழுத்தும் உகரக் குறியும் ஆகிய இரண்டு குறிகள். எந்திரம் ‘ர’ வரைக்கும் ஒப்பிட்டுப் பார்த்துச் சரி என்று விட்டுவிடுகிறது. ஆகவே தமிழில் சொல்லைக் குறுக்கும்போது மிகக் குறுக்கக் கூடாது. ‘நூலக’ என்பது நல்ல குறுக்கம். நூலகம், நூலகங்கள், நூலகர் எல்லாம் ஒருசேர வரும்.

இரண்டாவது சிக்கல் கண்ணுக்கே தெரியாது. ஔவையார் என்ற பெயரின் முதலெழுத்தை ஔகாரமாகவும் தட்டலாம். ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி ‘ஒளவையார்’ என்றும் எழுதிவிடலாம். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். கணினிக்கு அவை இரு வேறு பெண்கள். ‘ஸ்ரீ’ என்பதற்கும் யூனிகோடில் இரண்டு வரிசைகள் புழக்கத்தில் உள்ளன. பல எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. ‘கொ’ என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் சேமிக்கலாம். இவ்விரண்டும் சமம் என்று யூனிகோடு விதியே சொல்கிறது. மென்பொருள் அந்த விதியைப் பின்பற்றினால் தொல்லையில்லை. பின்பற்றாவிட்டால் ‘கொங்கு’ பற்றிய நூல்களில் ஒரு பகுதி காணாமல் போகும். யூனிகோடு வருவதற்கு முன் டாப், டாம், டிஸ்கி என்று பல குறியேற்றங்களில் தட்டச்சான பழைய பதிவுகளை மாற்றும்போது ஏற்பட்ட பிழைகள் இதற்கு மேல்.

ஆனால் வாசகரை அதிகம் அலைய வைப்பது பெயர்தான். புதுமைப்பித்தன் என்றும் சொ. விருத்தாசலம் என்றும் அறியப்படுபவர் ஒருவரே. சுஜாதா என்ற பெயரில் எழுதியவர் ரங்கராஜன். உ.வே.சா. என்று நாம் செல்லமாகச் சொல்பவரை அட்டைகளில் சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாதையர் என்று மூன்று விதமாகவாவது பார்க்கலாம். தலைப்பெழுத்துகளுக்கு இடையே இடைவெளி விட்டதா, விடவில்லையா என்பதுகூடச் சில பட்டியல்களில் முடிவை மாற்றிவிடும்.

இது பழைய நோவு. 1841இல் பிரிட்டிஷ் மியூசியத்தின் அச்சு நூல் பிரிவுத் தலைவர் அந்தோனியோ பனிஸி நூற்பட்டியல் தயாரிக்க 91 விதிகளை வெளியிட்டார். அவற்றின் பெரும்பகுதி எந்தப் பெயரின் கீழ், எந்த வடிவத்தில் நூலைப் பதிவது என்பதைப் பற்றியே. இந்த நோவுக்கு நூலக உலகம் கண்ட மருந்து ‘பெயர் அதிகார ஏடு’. ஓர் ஆசிரியருக்கு ஒரு வடிவத்தை நிலையானதாக வைத்து, மற்ற எல்லா வடிவங்களையும் அதனோடு பிணைத்துவிடுவது. வாசகர் எந்தப் பெயரில் தேடினாலும் ஒரே இடத்துக்கு வந்து சேர்வார். காங்கிரஸ் நூலகம் தமிழ் ஆசிரியர்களுக்கும் இத்தகைய ஏட்டை வைத்திருக்கிறது. ஆனால் அதில் நிலையான வடிவம் ரோமன் எழுத்தில் இருக்கும். அதன் விதிப்படி சகரத்துக்கு ‘சி’ என்ற ரோமன் எழுத்து. ஆகவே சாமிநாதையரை ‘எஸ்’ஸில் தேடினால் கிடைக்க மாட்டார். ழகரத்துக்கு அடிக்கோடிட்ட ‘எல்’. வெளிநாட்டு நூலகங்களின் பட்டியலில் தமிழ் நூல் தேடுகிற மாணவர்கள் இதை அறிந்தால் பாதி நேரம் மிச்சம்.

பொருள் வாரியாகத் தேடுவது இன்னும் நுட்பமான காரியம். கண்மாய், ஏரி, குளம், ஏந்தல், தாங்கல் என்று நீர்நிலைகளுக்கு நம்மிடம் எத்தனையோ பெயர்கள். நூலாசிரியர் தம் ஊர்ச் சொல்லைத் தலைப்பில் வைப்பார். பொருள் தலைப்பு இடும் நூலகரின் வேலை, இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பொதுச் சொல்லைத் தேர்ந்து, ஒவ்வொரு பதிவிலும் தவறாமல் அதையே எழுதுவது. அலுப்பூட்டும் வேலை, புகழ் இல்லாத வேலை. அது நடக்காத நூலகத்தில்தான் அந்த மாணவி வெறுங்கையோடு திரும்புகிறாள்.

இந்தத் துறையில் உலகமே பாடம் கேட்ட ஒருவர் சீர்காழியில் 1892இல் பிறந்தார். கணிதப் பேராசிரியராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பயிற்சிக்காக லண்டன் போனபோது, கடையொன்றில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். சில துண்டுகளை வெவ்வேறு விதமாக முடுக்கி எத்தனையோ உருவங்களைச் செய்ய முடிகிறதே, அறிவுத் துறைகளையும் இப்படிக் கோக்க முடியாதா என்று அவருக்குத் தோன்றியது. அந்த எண்ணத்திலிருந்து 1933இல் கோலன் பகுப்பு முறை வெளிவந்தது. ஒரு பொருளை ஆளுமை, பொருட்கூறு, ஆற்றல், இடம், காலம் என்று ஐந்து முகங்களாகப் பிரித்து, பிறகு சேர்க்கும் முறை அது. இன்று இணையப் பட்டியலில் தேடியதும் பக்கவாட்டில் மொழி, ஆண்டு, ஆசிரியர், பொருள் என்று வடிகட்டும் பட்டை ஒன்று வருகிறதே, அதன் சிந்தனை வேர் இந்த முகப் பகுப்பில்தான் இருக்கிறது. வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பதை 1931இலேயே நூலக அறிவியலின் நான்காம் விதியாக எழுதி வைத்தவரும் அவரே.

எந்திரம் இருக்கும்போது மனிதர் உட்கார்ந்து பொருள் தலைப்பு எழுத வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் சிரில் கிளெவர்டன் குழுவினர் 1960களில் ஏறத்தாழ 1,400 விமானவியல் கட்டுரைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். பொருள் தலைப்புகளைப் போலக் கவனமாகத் தேர்ந்த கட்டுப்பாட்டுச் சொற்களை விட, கட்டுரையிலிருந்தே எடுத்த சாதாரணத் தனிச்சொற்கள் நன்றாகவே வேலை செய்தன. இன்றைய தேடுபொறிகளின் நம்பிக்கைக்கு அந்தச் சோதனையும் ஓர் அடிப்படை. ஆனால் அங்கே எந்திரத்துக்குக் கட்டுரையின் உள்ளடக்கத்திலிருந்து எடுத்த சொற்கள் கையில் இருந்தன. நம் பட்டியலில் உள்ளடக்கத்தைச் சொல்ல பெரும்பாலும் தலைப்பு மட்டுமே இருக்கிறது. கவித்துவமான தலைப்பு ஒன்றைப் பார்த்து அது நாவலா, மீனவர் வாழ்க்கை பற்றிய ஆய்வா என்று எந்த எந்திரமும் கண்டுபிடிக்காது. ஆகவே தமிழ் நூல்களுக்கு நூலகரின் கை இன்னும் பல காலம் தேவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

தேடுபவருக்கு ஒரு வழி சொல்வேன். முதல் தேடலிலேயே எல்லாம் கிடைக்க வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பொருத்தமான ஒரே ஒரு நூல் கிடைக்கும் வரை சொற்களை மாற்றிப் பாருங்கள். கிடைத்ததும் அதன் முழுப் பதிவைத் திறந்து, நூலகர் இட்டிருக்கும் பொருள் தலைப்பைப் பாருங்கள். பெரும்பாலான பட்டியல்களில் அதைத் தொட்டாலே அதே தலைப்பிட்ட மற்ற நூல்கள் வரிசையாக வரும். பிறகு பகுப்பெண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தூவி (Dewey) பகுப்பு முறையைப் பின்பற்றும் நூலகங்களில் தமிழ் இலக்கியம் 894.811இல் இருக்கும். எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அலமாரிக்குப் போனால், உங்கள் சொல்லுக்குச் சிக்காத நூல்களும் பக்கத்திலேயே நிற்பதைக் காணலாம்.

மென்பொருளுக்குப் பணம் இல்லை என்ற காரணம் இனிச் செல்லாது. நியூசிலாந்தின் ஹோரோவெனுவா என்ற சிறிய ஊரக நூலக அமைப்புக்காக 1999இல் எழுதப்பட்ட ‘கோஹா’ இன்று கட்டணமின்றி யாருக்கும் கிடைக்கிறது. இந்தியாவில் ஏராளமான நூலகங்கள் அதில் இயங்குகின்றன. குறைவது பதிவுகளின் தரம்தான். கன்னிமாரா நூலகம் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களின் படிகளைப் பெறும் இடங்களில் ஒன்று. அதையும் அண்ணா நூற்றாண்டு நூலகத்தையும் மதுரைக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தையும் மையமாக வைத்து, தமிழ் எழுத்திலேயே ஒரு பொதுப் பெயர் ஏட்டையும் பொருள் தலைப்பு ஏட்டையும் பொது நூலகத் துறை உருவாக்க வேண்டும். ஒருமுறை செய்தால் கிளை நூலகம் வரை எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம். வாசகர்களும் சும்மா இருக்க வேண்டாம். பட்டியலில் ஆசிரியர் பெயரோ தலைப்போ தவறாக இருப்பதைக் கண்டால் ஒரு தாளில் எழுதி நூலகரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். அந்தப் பதிவு திருத்தப்பட்டால், அடுத்துத் தேடுபவருக்கு அந்த நூல் கிடைக்கும்.