குளத்து நீரும் மணல் வடிகட்டியும்

பிரம்மோற்சவத்துக்குச் சில வாரங்கள் முன்பு திருமலைக்குச் சென்றவர்கள், சுவாமி புஷ்கரிணி மூடியிருக்கக் கண்டு ஏமாந்து திரும்பியிருக்கலாம். ஆண்டுதோறும் ஒரு மாத காலம் தேவஸ்தானம் அந்த நீரை இறைத்து, சேற்றை வாரி, குழாய்களைப் பழுதுபார்த்து, புது நீர் நிரப்புகிறது. மற்ற மாதங்களில் குளத்து நீர் சுத்தி செய்யப்பட்டு மறுபடி குளத்துக்கே வருகிறது.

கோயில் குளம் இருக்கட்டும், வீட்டு நீச்சல் குளம் நமக்கெதற்கு என்று சிரிக்க வேண்டாம். தோட்ட வீடுகளிலும் விடுதிகளிலும் அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நம்மவர் தலையில் விழுவதுண்டு.

வடிகட்டி வாங்குமுன் கணக்குப் போட வேண்டும். 20 அடி நீளம், 10 அடி அகலம், 4 அடி ஆழமுள்ள குளம் ஏறக்குறைய 22,600 லிட்டர் பிடிக்கும். இவ்வளவும் 6 மணி நேரத்தில் ஒரு முறை வடிகட்டி வழியே போய்வர, மணிக்குச் சுமார் 3,800 லிட்டர் ஓட வேண்டும். மோட்டாரை மட்டும் பெரிதாகப் போட்டால் அழுக்கு மணலையும் தாண்டிக் குளத்துக்கே திரும்பிவிடும்.

மணல் வடிகட்டிக்கு உழைப்பு குறைவு. ஆனால் ஒவ்வொரு 'பேக்வாஷ்' செய்யும்போதும் சில நூறு லிட்டர் சாக்கடைக்குப் போகும். கோடையில் டாங்கர் லாரிக்குக் காத்திருக்கும் சித்தூர்க்காரர்கள் இதை யோசிக்க வேண்டும். சிறு குளத்துக்கு, கழற்றிக் கழுவும் கார்ட்ரிட்ஜ் வடிகட்டியே மேல் என்பது என் கருத்து. ஆனால் போர் தண்ணீரின் உப்பு அதில் படிந்துவிடும். அடிக்கடி பார்க்க வேண்டும்.

மணல்தான் வேண்டுமென்றால், சுவர்ணமுகி ஆற்று மணலைச் சலித்துப் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள்! இதற்கென்று ஒரே அளவாகச் சலித்த, அரை மில்லிமீட்டருக்குச் சற்றுப் பெரிய குவார்ட்ஸ் மணல் கிடைக்கிறது. ஆற்று மணலில் களிமண் இருக்கும்.

கழுவிய அன்று பிரஷர் கேஜ் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துவையுங்கள். அதற்கு மேல் 8 முதல் 10 பவுண்டு ஏறினால் பேக்வாஷ் செய்ய வேண்டும். மோட்டாரை நிறுத்திய பிறகே வால்வைத் திருப்ப வேண்டும்; அவசரப்பட்டால் வால்வு உடையும். கண்ணாடிக் குழாயில் தெளிந்த நீர் வரும்வரை இரண்டு மூன்று நிமிஷம் விட்டால் போதும்.

வடிகட்டி அழுக்கைத்தான் பிடிக்கும். கிருமியைக் கொல்ல குளோரின் வேண்டும். பிளீச்சிங் பவுடரை அப்படியே கொட்டினால் அதிலுள்ள சுண்ணாம்பு மணலை அடைத்துவிடும். வாளியில் கரைத்து, தெளிந்த பிறகு மேல் நீரை மட்டும் ஊற்றுங்கள். அந்த வாளியில் ஆசிட் படவே கூடாது. விஷ வாயு கிளம்பும்.

தினமும் காலையில் கரையில் நின்று பாருங்கள். அடியிலுள்ள வடிகால் மூடி தெளிவாகத் தெரிய வேண்டும். கலங்கிய நீரில் ஒரு குழந்தை மூழ்கினால் பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது. மூடி தெரியாத நாளில், முதலாளி வீட்டு விருந்தாளிகளே வந்து நின்றாலும் சரி, கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.