மெல்லிய குரலின் வலிமை

(பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு)

இசைக்கு உருகாத உள்ளம் உண்டோ? அழும் குழந்தை தாலாட்டில் அடங்குகிறது. களைத்த உழவன் பாட்டில் களைப்பை மறக்கிறான். ஆயினும், ‘நல்ல பாடகர்’ என்றவுடன் நம் நினைவுக்கு வருவது எட்டுக்கட்டைக் குரல்தான். ஆண்டு விழா ஒத்திகையில், “கடைசி வரிசை வரை கேட்க வேண்டும், வாயைத் திறந்து பாடுங்கள்!” என்று நமக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறார்கள்! அப்படியிருக்க, பக்கத்தில் அமர்ந்திருப்பவரோடு பேசுவதுபோல் பாடியே உலகம் முழுவதையும் கேட்க வைத்தவர்கள் சிலர் உண்டு. அவர்கள் பிரேசில் நாட்டவர். அவர்களுடைய இசைக்குப் பெயர் ‘போசா நோவா’.

இப்பாடல்களை முதன்முதலாகக் கேட்டபோது எங்களுக்கு ஏமாற்றமே உண்டாயிற்று. “பாட்டு எப்போது தொடங்கும்?” என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். அப்போது பாட்டில் பாதி முடிந்திருந்தது! இரண்டாம் முறை கேட்டோம். மூன்றாம் முறையும் கேட்டோம். பிறகு நிறுத்த மனம் வரவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு முந்திய இந்த இசைத்தட்டுகள் இன்றும் விரும்பிக் கேட்கப்படுவது ஏன்? அதனை அறியும் முயற்சியே இக்கட்டுரை.

பிறந்த கதை

‘நோவா’ என்றால் புதியது. ‘போசா’ என்பது ரியோ டி ஜெனிரோ நகரத்துப் பேச்சு வழக்கில் ஒருவருக்கு இயல்பாக அமைந்த திறமையை, தனிப் பாணியைக் குறிக்கும். 1950-களின் இறுதியில் அந்நகரில் இவ்விசை பிறந்தது. சாம்பா இசையே இதன் தாய். கார்னிவல் ஊர்வலத்தில் முரசுகள் அதிர, தெருவே ஆடும்படி ஒலிப்பது சாம்பா. அந்தத் தெருவை ஒரு சிறிய அறைக்குள் அழைத்து வந்து, ஒரே ஒரு கிதாரில் அடக்கினால் எப்படியிருக்கும்? அதுதான் போசா நோவா. அமெரிக்க ஜாஸ் இசையின் சாயலும் இதில் கலந்துள்ளது.

இதனை உருவாக்கியவர்களுள் மூவர் முதன்மையானவர்கள். இசையமைப்பாளர் ஆன்டோனியோ கார்லோஸ் ஜோபிம் (1927–1994), கவிஞரும் அயல்நாட்டுத் தூதரக அதிகாரியுமான வினீசியஸ் டி மொராயிஸ் (1913–1980), பாடகர் ஜோவாவ் ஜில்பெர்ட்டோ (1931–2019) ஆகியோரே அம்மூவர்.

இவர்களுள் ஜோவாவின் கதை நம்மைப் போன்ற மாணவியருக்குப் பாடமாக அமையக்கூடியது. ரியோவில் குழுப் பாடகராக இருந்த அவருக்குத் தொழில் சரியாக அமையவில்லை. 1950-களின் நடுவில், டியமான்டினா என்னும் மலை நகரிலிருந்த தம் சகோதரியின் வீட்டில் சென்று தங்கினார். அங்கே குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மணிக்கணக்கில் கிதார் பழகினார். அச்சுவர்களில் ஒலி நன்றாகத் திரும்பிக் கேட்டதால், மிக மெதுவாகப் பாடினாலும் தம் குரலின் நுட்பங்களை அவரால் கேட்க முடிந்தது.

அவர் கண்டறிந்த முறை இதுதான்: கட்டைவிரல் கிதாரின் கீழ்ச்சுரத் தந்திகளை ஒரே சீராக மீட்டும், அது சாம்பாவின் பெருமுரசுக்கு ஈடு. மற்ற விரல்கள் தாளத்தின் இடைவெளிகளில் விழுந்து விழுந்து எழும். அது சிறு பறைக்கு ஈடு. குரலோ இவ்விரண்டையும் ஒட்டாமல், சில வேளை முந்தியும் சில வேளை பிந்தியும் வந்து, முடிவில் சரியான இடத்தில் சேர்ந்துகொள்ளும். குரலை நடுங்கவிடுவதில்லை, நீட்டி முழக்குவதுமில்லை. கேட்பதற்கு எளிது, செய்து பார்த்தால்தான் அருமை தெரியும்.

அதற்கு முன் பிரேசில் வானொலியில் புகழ் பெற்றிருந்த பாடகர் பலர் பெருங்குரல் உடையவர்கள். மெல்லிய குரலுக்கு வழி திறந்தது மைக் என்னும் கருவி. உதட்டருகே மைக் இருக்கும்போது அரங்கத்தை நிரப்பக் கத்த வேண்டியதில்லையே! ஆனால், பிழைகளை மறைக்கவும் முடியாது. மூச்சுவிடும் ஒலியையும் அது காட்டிக் கொடுத்துவிடும்.

அழியாத இசைத்தட்டுகள்

1959-இல் ஜோவாவின் முதல் நீண்டநேர இசைத்தட்டு வெளிவந்தது. பெயர் ‘ஷேகா டி சவுதாஜி’. ‘ஏக்கம் போதும்’ என்று பொருள் கொள்ளலாம். பன்னிரண்டு பாடல்கள் கொண்ட அத்தட்டு ஏறத்தாழ 23 நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. நம் பாடவேளையில் பாதிதான்! “இது என்ன பாட்டு? சுருதியே சேரவில்லையே!” என்று முகம் சுளித்தவர்களும் இருந்தனர். அத்தட்டிலேயே ‘தெசாஃபினாடோ’ என்றொரு பாடல் இருக்கிறது. ‘அபசுரம்’ என்பதே அதன் பொருள். ஏளனத்துக்குச் சினம் கொள்ளாமல் புன்னகையால் விடையளித்த பாடல் அது. ஜோபிம் அதனை நியூட்டன் மென்டோன்சாவுடன் சேர்ந்து இயற்றினார்.

அடுத்தது ‘கெட்ஸ்/ஜில்பெர்ட்டோ’. அமெரிக்கச் சாக்ஸபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸும் ஜோவாவும் இணைந்து 1963 மார்ச்சில் நியூயார்க்கில் பதிவு செய்து, 1964-இல் வெளியானது. ஜோவாவின் மனைவி அஸ்ட்ரூடும் அங்கே வந்திருந்தார். வயது 22, தொழில்முறைப் பாடகி அல்லர், ஆனால் ஆங்கிலம் அறிந்தவர். இபனேமா கடற்கரைப் பெண்ணைப் பற்றிய பாடலின் ஆங்கிலப் பகுதியை அவர் பாடினார். அலங்காரம் ஏதுமில்லாத, ஒரு பள்ளி மாணவி தனக்குள் பாடிக்கொள்வது போன்ற குரல். அந்தக் குரலே அப்பாடலை உலகெங்கும் கொண்டு சென்றது. 1965-இல் அத்தட்டு ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதைப் பெற்றது. அப்பாடலும் ஆண்டின் சிறந்த ஒலிப்பதிவு என்ற விருதைப் பெற்றது.

ஆனால் தோழியரே, அந்த இசைத்தட்டின் உறையைப் பாருங்கள். கெட்ஸின் பெயர் இருக்கிறது. ஜோவாவின் பெயர் இருக்கிறது. ஜோபிமின் பெயரும் இருக்கிறது. அஸ்ட்ரூடின் பெயர் மட்டும் இல்லை! அப்பாடலைத் தனியாகச் சிறு தட்டில் வெளியிட்டபோதுதான் அவர் பெயர் அச்சேறியது. 1965-இல் தம் பெயரிலேயே ஓர் இசைத்தட்டைத் தந்தார். 2023-இல் அவர் மறைந்தபோது, உறையில் இடம்பெறாத அந்தப் பெயரை உலகச் செய்தித்தாள்கள் பலவும் தாங்கி வந்தன.

மென்மை கோழைத்தனமா?

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. கடலையும் காதலையும் மலரையும் பற்றி மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தால், நாட்டின் துன்பத்தைப் பாடுவது யார்? இக்கேள்வியைத் தம்மையே கேட்டுக்கொண்டவர் நாரா லியாவ் (1942–1989). கோப்பகபானாவில் இருந்த அவருடைய பெற்றோர் வீட்டில்தான் இளம் போசா நோவா கலைஞர்கள் கூடிப் பாடினார்கள். அப்போது அவருக்கு நம் வயதுதான். 1964-இல் முதல் இசைத்தட்டை வெளியிட்டபோது, குன்றுகளின் சரிவில் வாழ்ந்த ஏழை மக்களின் சாம்பாப் பாடல்களை அதில் சேர்த்துக்கொண்டார். அவ்வாண்டு பிரேசிலில் இராணுவ ஆட்சி ஏற்பட்டது. 1985 வரை அது நீடித்தது. 1964 டிசம்பரில் ‘கருத்து’ என்று பொருள்படும் ‘ஒபினியாவ்’ என்ற மேடை நிகழ்ச்சியில், நாரா அதே மெல்லிய குரலில் எதிர்ப்புப் பாடல்களைப் பாடினார். பின்னர் 1971-இல் பாரிஸ் நகரில் இருந்தபோது, தாம் விட்டுவந்த போசா நோவாப் பாடல்களையே மீண்டும் பாடிப் பதிவு செய்தார். மெல்லிய குரலால் கொஞ்சவும் முடியும், உண்மையைச் சொல்லவும் முடியும் என்று அவர் காட்டிவிட்டார் அல்லவா?

உரத்த குரலுடையோரும் இவ்விசையின்முன் குரலைத் தாழ்த்தினர். 1967-இல் அமெரிக்கப் பாடகர் ஃபிராங்க் சினாட்ரா, ஜோபிமுடன் சேர்ந்து ஓர் இசைத்தட்டு முழுவதும் மிக மெதுவாகப் பாடினார். எலிஸ் ரெஜினாவோ (1945–1982) தம் இருபதாம் வயதில் ஒரு பாட்டு விழாவில் முழங்கிப் பரிசு பெற்றவர். அவருடைய துடிப்பைக் கண்டு வினீசியஸ் இட்ட செல்லப் பெயர் ‘சின்ன மிளகாய்’! அவரும் ஜோபிமும் 1974-இல் லாஸ் ஏஞ்செல்ஸில் பதிவு செய்த ‘எலிஸும் டாமும்’ என்ற தட்டு ‘மார்ச் மாத மழை’ என்னும் பாடலுடன் தொடங்குகிறது. ரியோவில் மார்ச் என்பது கோடை முடிந்து மழை கொட்டும் காலம். குச்சி, கல், சேறு என்று அன்றாடப் பொருள்களை ஒவ்வொன்றாக அடுக்கிச் செல்கிறது பாட்டு. முடிவை நெருங்கும்போது எலிஸ் சிரிப்பை அடக்க முடியாமல் சிரித்துவிடுகிறார். அந்தச் சிரிப்பை யாரும் அழிக்கவில்லை. அதனாலேயே அது இன்னும் நம் அருகில் ஒலிக்கிறது.

நிலைத்திருப்பது ஏன்?

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்கும்போது நமக்கு மூன்று காரணங்கள் தோன்றுகின்றன. முதலாவது, இவை கூட்டத்தை நோக்கிப் பாடப்பட்டவை அல்ல; ஒருவரை நோக்கிப் பாடப்பட்டவை. யார் கேட்டாலும் ‘எனக்காகவே பாடுகிறார்’ என்று தோன்றுகிறது. இரண்டாவது, ‘சவுதாஜி’ என்னும் உணர்வு. பிரிந்ததை எண்ணி ஏங்கும்போதே அதில் ஓர் இனிமையும் இருக்கிறதே, அதுதான் சவுதாஜி. விடுதியில் தங்கிப் படிக்கும் தோழியருக்கு, ஞாயிற்றுக்கிழமை மாலையில் அது என்னவென்று நாம் விளக்க வேண்டியதில்லை! மூன்றாவது, மறைந்திருக்கும் உழைப்பு. மணிக்கணக்கான பயிற்சி உள்ளே இருக்கிறது; வெளியே தெரிவது எளிமை மட்டுமே.

இவ்வாண்டோடு பத்தாம் வகுப்பை முடித்து நாம் பிரியப்போகிறோம். நம்முள் உரக்கப் பேசுவோர் உண்டு. பேசவே கூசுவோரும் உண்டு. கூசும் தோழியருக்குச் சொல்லிக்கொள்கிறோம்: குரல் சிறிது என்று வாய் மூடியிருக்க வேண்டாம். சிறிய குரலையும் உலகம் கேட்டிருக்கிறது. மற்றையோருக்கும் ஒரு கடமை உண்டு. மெல்லப் பாடுகிறவளின் பெயரை உறையில் எழுத மறவாதிருப்போமாக!